ஆடி மாதத்து மண்டபமும் 160 டன் சில்லரும்: ஒரு சீரமைப்புச் சேவையின் மதிப்பீடு

திருச்சியில் ஒரு திருமண மண்டபத்தின் மின், குளிர்சாதனப் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள சில்லர்கள் (தண்ணீரைக் குளிர்வித்துக் குழாய் வழியே கூடங்களுக்கு அனுப்பும் எந்திரங்கள்) ஓடுவதும் நிற்பதுமாக அலைந்து, பதினெட்டு மாதங்களில் இரண்டு கம்ப்ரஸர்களை இழந்த பிறகு, சில்லர் கட்டுப்பாட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரு சிறிய நிறுவனத்தை அழைத்தோம். அவர்கள் செய்த வேலையையும் செய்யாமல் விட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன். முன்பு எங்களுக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) செய்த நிறுவனத்தின் குறைகளும் இடையில் வருவதால், ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் பெயரை மறைப்பது முறையாகாது என்று கருதி, இரு பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் காற்றால் குளிரும் சில்லர்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் 80 டன் (இங்கே டன் என்பது எடையல்ல, குளிரூட்டும் திறனின் அளவு). ஒவ்வொன்றிலும் 20 டன் ஸ்க்ரோல் கம்ப்ரஸர்கள் நான்கு. 800 பேர் அமரும் பெரிய கூடம், சாப்பாட்டுக் கூடம், நிச்சயதார்த்தம் போன்ற நிகழ்ச்சிகளுக்கான சிறிய கூடம், மணமக்கள் வீட்டார் தங்கும் பன்னிரண்டு அறைகள், அலுவலகம் ஆகிய அனைத்துக்கும் ஒரே குளிர்நீர்க் குழாய்தான். முகூர்த்த நாளில் இந்த எந்திரங்களைப் பற்றி எவரும் குறை சொன்னதில்லை. குறை எழுந்ததெல்லாம் மற்ற நாட்களில்தான். ஆடியிலும் மார்கழியிலும் கூடங்கள் பூட்டிக் கிடக்க, அலுவலகமும் நாலைந்து அறைகளும் கேமரா, யு.பி.எஸ். இருக்கும் சிறு அறையும் மட்டுமே குளிர் கேட்கும் நாட்களில், கம்ப்ரஸர் கிளம்பும் ஓசையும் அடங்கும் ஓசையும் கீழே அலுவலகம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் கம்ப்ரஸர் எரிந்தபோது மின்னழுத்த ஏற்றத்தாழ்வுதான் காரணம் என்று பழைய ஏ.எம்.சி. நிறுவனம் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது எரிந்தபோதும் அதே வாசகம்தான், தேதி மட்டும் மாறியிருந்தது. அதே மின்சாரத்தில் ஓடும் லிஃப்ட் மோட்டாருக்கும் போர்வெல் மோட்டாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பிறகு அவர்கள் சூடான வாயுவைத் திருப்பிவிடும் ஹாட் கேஸ் பைபாஸ் அமைப்பைப் பொருத்தலாம் என்று ஒரு விலைப்புள்ளியும், இரண்டு சில்லர்களையும் கழற்றிவிட்டு தேவைக்கேற்ப வேகம் மாறும் இன்வெர்ட்டர் ஸ்க்ரூ சில்லர் வாங்கலாம் என்று இன்னொரு விலைப்புள்ளியும் அனுப்பினார்கள். எந்த அளவீடும் இன்றி வந்த இரண்டு விலைப்புள்ளிகள் அவை.

புதிய நிறுவனத்தின் பொறியாளர் முதல் சந்திப்பில் விலை எதுவும் சொல்லவில்லை. ஆடி மாதத்தில் ஏழு நாட்களும் ஆவணியில் கூட்டம் நிறைந்த ஒரு முகூர்த்த நாளும் அளவெடுக்க வேண்டும் என்றும், அந்த ஆய்வுக்குத் தனிக் கட்டணம் என்றும், ஆய்வின் முடிவில் எதையும் வாங்க வேண்டாம் என்று அறிக்கை வந்தாலும் கட்டணம் கட்டணம்தான் என்றும் தெரிவித்தார். எங்கள் நிர்வாகக் குழுவில் இது சிறிய சலசலப்பை உண்டாக்கியது. ஆயினும் ஆய்வுக் கட்டணம் ஒரு புதிய கம்ப்ரஸரின் விலையில் சிறு பகுதிதான் என்பதால் ஒப்புக்கொண்டோம்.

பத்து விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்யும் கருவிகளை, சில்லருக்குள் நுழையும் தண்ணீர், வெளியேறும் தண்ணீர், ஒவ்வொரு கம்ப்ரஸரின் மின்னோட்டம், வெளிக் காற்றின் வெப்பம் ஆகியவற்றுக்குப் பொருத்தினார்கள். ஏழு நாள் பதிவை வரைபடமாகக் கொண்டுவந்தபோது விளக்கமே தேவைப்படவில்லை. சாதாரண நாளில் ஒரு கம்ப்ரஸர் இரண்டு நிமிடம் ஓடுகிறது, இரண்டு நிமிடம் நிற்கிறது. மணிக்கு 15 முறை. எங்கள் எந்திரத்தின் கையேட்டிலோ மணிக்கு 6 முறைக்கு மேல் கிளம்பக் கூடாது என்று இருக்கிறது. கம்ப்ரஸர்கள் முறை மாறி ஓடும் வசதி இருந்தும், அது ஓடிய மணிநேரக் கணக்கைப் பார்த்து மாறுவதாக அமைக்கப்பட்டிருந்தது. இரண்டிரண்டு நிமிடமாக ஓடும் கம்ப்ரஸருக்கு மணிநேரம் எளிதில் ஏறாது. ஆகவே நாள் முழுவதும் அடி வாங்கியது ஒரே கம்ப்ரஸர்தான்.

அடிக்கடி கிளம்புவது ஏன் கேடு என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு முன்பு எவரும் சொன்னதில்லை. கிளம்பும் ஒவ்வொரு முறையும் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கை இழுக்கிறது. அதனால் சுருளில் ஏறும் சூட்டை, தொடர்ந்து உள்ளே வரும் குளிர்ந்த வாயுதான் ஆற்ற வேண்டும், அதற்கு ஓட்டம் நீடிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது எண்ணெய். நின்றிருக்கும் நேரத்தில், கம்ப்ரஸர் அழுத்தும் வாயுவான குளிர்பொருள் எண்ணெயில் கரைகிறது. கிளம்பியதும் அழுத்தம் சட்டென்று இறங்குவதால் அது கொதித்து நுரையாகப் பொங்கி, எண்ணெயையும் அள்ளிக்கொண்டு குழாய்களுக்குள் போய்விடுகிறது. போன எண்ணெய் சுற்றி வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். இரண்டே நிமிடத்தில் எந்திரம் நின்றுவிட்டால், போன எண்ணெய் வழியிலேயே தங்கிவிட, அடுத்த முறை இன்னும் குறைவான எண்ணெயுடன் கிளம்புகிறது. பழைய கம்ப்ரஸரின் எண்ணெய் மாதிரியில் அமிலத்தன்மை இருந்ததையும், கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர்களின் தொடுமுனைகள் குழி விழுந்து கருகியிருந்ததையும் கழற்றிக் காட்டினார்கள். மின்வாரியத்தின் மீது பழி போட்டுவந்தது தவறு என்று அன்று புரிந்தது.

இனி, காரணத்துக்கு வருகிறேன். இந்தச் சேவையின் மதிப்பை நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான். சில்லர் அளவுக்கு மீறிப் பெரியது என்பதை எவரும் சொல்லிவிடலாம். எங்கள் பழைய நிறுவனமும் அதைத்தான் சொல்லி, புதியதை வாங்கச் சொன்னது. இவர்களோ, பெரிதாக இருப்பது ஒரு பிரச்சினை, பெரிய எந்திரத்தைத் தவறாக ஓட்டுவது வேறு பிரச்சினை என்று பிரித்துப் பார்த்தார்கள்.

சாதாரண நாளில் எங்கள் தேவை சுமார் 10 டன், அதாவது 35 கிலோவாட். எந்திரம் கூட்டவோ குறைக்கவோ கூடிய மிகச் சிறிய படியே ஒரு கம்ப்ரஸர், அதாவது 20 டன், 70 கிலோவாட். தேவை, படியின் சரிபாதியாக இருக்கும்போதுதான் கிளம்புவதும் நிற்பதும் உச்சத்தை அடையும். தேவை அதைவிடக் குறைந்தால் ஓய்வு நீள்கிறது, கூடினால் ஓட்டம் நீள்கிறது. விதிவசமாக எங்கள் ஆடி மாதம் அந்தப் பாதிப் புள்ளியிலேயே உட்கார்ந்திருந்தது. அடுத்து, சுற்றில் இருக்கும் தண்ணீர். சில்லர் மாடியிலேயே இருப்பதால் குழாய்கள் குட்டையானவை. மொத்தத் தண்ணீர் 650 லிட்டர்தான். மனிதர் வசதிக்கான குளிரூட்டலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு மூன்றேகால் லிட்டராவது வேண்டும் என்பது தயாரிப்பாளர் கையேடுகளில் காணப்படும் அளவு. 80 டன் என்றால் 281 கிலோவாட். ஒரு சில்லருக்கே 910 லிட்டருக்கு மேல் தேவை.

இவை இரண்டும் நான் ஊகித்திருக்கக் கூடியவைதான். மூன்றாவது காரணம் என் கண்ணில் பட்டதே இல்லை. எங்கள் கட்டுப்பாட்டுப் பேனல், வெளியேறும் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து இயங்கியது: 7 டிகிரியில் நிறுத்தம், 9 டிகிரியில் தொடக்கம், இடைவெளி 2 டிகிரி. விநாடிக்கு 12 லிட்டர் ஓடும் தண்ணீரில் 20 டன் கம்ப்ரஸர் ஒன்று கிளம்பினால், வெளியேறும் தண்ணீர் கிட்டத்தட்ட உடனே 1.4 டிகிரி இறங்கிவிடும். கட்டடம் இன்னும் குளிரவே இல்லை. சுற்றில் உள்ள தண்ணீரும் குளிரவில்லை. ஆனால் இரண்டு டிகிரி இடைவெளியில் 1.4 டிகிரியைக் கம்ப்ரஸரின் தொடக்கமே தின்றுவிட்டது. எஞ்சிய 0.6 டிகிரிதான் உண்மையான இடைவெளி. நின்றவுடன் அதே 1.4 டிகிரி மறுபடி ஏறிக்கொள்வதால், சென்சாருக்கு உடனே கிளம்ப வேண்டும் என்று தோன்றுகிறது. அதைத் தடுத்துக்கொண்டிருந்தது ஓய்வு நேரத்துக்கான டைமர் மட்டுமே. அந்த டைமரையும், அறையில் குளிர் போதவில்லை என்று ஒரு விருந்தினர் குறைப்பட்ட நாளில், யாரோ 5 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைத்துவிட்டிருக்கிறார்கள். யார் என்று எழுதி வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது எங்கள் பிழை.

முகூர்த்த நாள் அளவீடு வேறொரு கதையைச் சொன்னது. கூடம் நிரம்பி, வெளியே வெயில் கொளுத்திய நேரத்திலும், எட்டு கம்ப்ரஸர்களில் ஆறுக்கு மேல் ஓடவில்லை. 160 டன்னில் 40 டன் எந்நாளும் வேலை செய்ததே இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று பழைய வரைபடங்களைப் புரட்டிப் பார்த்தபோது, பெரிய கூடத்தில் 800 பேர், அதே வேளையில் சாப்பாட்டுக் கூடத்தில் 400 பேர் என்று கூட்டிக் கணக்கிட்டிருப்பது தெரிந்தது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தானே எழுந்து பந்திக்குப் போகிறார்! ஒருவரை இரண்டு இடத்திலும் உட்காரவைத்து, அதற்கு மேல் பாதுகாப்புக்கென்று ஒரு பங்கைச் சேர்த்து, வந்த விடையைக் கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் சாம்பார் பற்றாமல் போகக் கூடாது என்ற அச்சம் சில்லர் வாங்கியவர்களுக்கும் இருந்திருக்கிறது போலும்.

சில்லர்களின் பகுதிச் சுமைத் திறனைச் சொல்லும் ஐ.பி.எல்.வி. என்ற கணக்கில், முழுச் சுமைக்கு 1 சதவீத எடையும், முக்கால் சுமைக்கு 42, அரைச் சுமைக்கு 45, கால் சுமைக்கு 12 சதவீத எடையும் தரப்படுகின்றன. முழுச் சுமை என்பது அபூர்வம் என்பதை அந்தக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. எங்கள் சாதாரண நாளோ 80 டன்னில் 10 டன். கால் சுமையில் பாதி. விற்பனைத் தாளில் இருக்கும் எந்த எண்ணும் அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் புதிய பொருள் எதுவும் வாங்கவில்லை. சாதாரண நாட்களில், திரும்பி வரும் தண்ணீரைப் பார்த்து எந்திரம் இயங்குமாறு மாற்றினார்கள்; 12 டிகிரியில் தொடக்கம், 9 டிகிரியில் நிறுத்தம். கம்ப்ரஸர் கிளம்பியதும் வரும் 1.4 டிகிரிச் சரிவு இந்தச் சென்சாரை ஏமாற்றாது, ஏனெனில் அது கட்டடத்தைச் சுற்றி வந்த தண்ணீரைத் தொடுகிறது. ஓய்வு டைமரை மீண்டும் 5 நிமிடம் ஆக்கினார்கள். முறை மாறுவதை, ஓடிய மணிநேரத்துக்குப் பதிலாகக் கிளம்பிய எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிக்கச் செய்தார்கள். சென்சார் இருக்கும் குழியில் வெப்பக் கடத்துப் பசை காய்ந்து பொடியாகியிருந்ததால் அதையும் புதுப்பித்தார்கள். ஓடாத இரண்டாவது சில்லரின் வால்வு திறந்தே கிடந்து, அதன் வழியாகக் குளிராத தண்ணீர் போய்க் கலந்துகொண்டிருந்ததைக் கண்டு மூடினார்கள். இவ்வளவும் ஒரே நாள் வேலை. மறுநாள் பதிவில் மணிக்கு 15 என்பது 6 ஆகியிருந்தது.

அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆறு முறை என்பது வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். இப்படிச் சொன்ன ஒப்பந்தக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வரம்பின் விளிம்பிலேயே ஆண்டில் பாதி நாட்கள் ஓடுவது எனக்கு உவப்பாக இல்லாததால், இரண்டாம் கட்டத்துக்கும் ஒப்புதல் வாங்கினோம்: சுற்றிலுள்ள தண்ணீரின் அளவைக் கூட்ட, திரும்பும் குழாயில் 1,500 லிட்டர் பஃபர் டேங்க்.

டேங்கின் அளவை எப்படிக் கணித்தார்கள் என்பதை, பிறருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.19 கிலோஜூல் வேண்டும். மிக மோசமான பாதிச் சுமையில், ஒரு தொடக்கத்துக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் காண, சுற்றிலுள்ள லிட்டரை 4.19-ஆலும், வெப்ப இடைவெளியாலும், பின் நான்காலும் பெருக்கி, சிறிய படியின் கிலோவாட்டால் வகுக்க வேண்டும். விடை விநாடியில் வரும். 3 டிகிரி இடைவெளியில் 20 நிமிடம் வேண்டுமானால் மொத்தம் 1,700 லிட்டர் போதும்; எங்களிடம் 650 இருந்ததால் 1,050 லிட்டர் டேங்கே போதுமானது. மழைக்காலத்தில் இடைவெளியைக் குறைக்க நேரலாம் என்று முன்கூட்டியே எண்ணி 1,500 என்றார்கள். அது நல்ல முன்யோசனை என்பது கார்த்திகையில் தெரிந்தது. ஒன்றரை டன் தண்ணீரையும் இரும்பின் எடையையும் தளம் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளரிடம் எழுத்தில் பெற்ற பிறகே டேங்கை ஏற்றினார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் தண்ணீர் ஒரு வாயில் நுழைந்து நேராக மறு வாயில் வெளியேறிவிடும், டேங்கில் மீதியிருப்பது சும்மா நிற்கும். இப்போது ஆடி மாதத்துச் சுமையில் கம்ப்ரஸர் 13 நிமிடம் ஓடி 13 நிமிடம் நிற்கிறது. மணிக்கு இரண்டு அல்லது மூன்று தொடக்கங்கள்.

ஹாட் கேஸ் பைபாஸ் பற்றி அவர்களிடம் தனியாகக் கேட்டேன். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் என்பது உண்மை, ஆனால் அது பொய்யான சுமையை உண்டாக்கித்தான் ஓடும். இறைத்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றி ஏற்றத்தை ஓயாமல் வைத்திருப்பதைப் போன்றது என்பது என் புரிதல். தண்ணீரின் வெப்பம் சிறிதும் அசையக் கூடாத ஆய்வகங்களுக்கும் ஆலைகளுக்கும் அது தேவைப்படலாம். கல்யாண மண்டபத்துக்குத் தேவையில்லை.

மின்கட்டணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஷார்ட் சைக்கிளை, அதாவது இப்படி அடிக்கடி கிளம்பி நிற்பதை, நிறுத்தினால் பில் பாதியாகும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் பில்லில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது அவர்களுடைய மிகச் சாதாரணமான ஒரு யோசனையால்தான். அறைகளில் எவரும் தங்காத இரவுகளில்கூட, அந்த யு.பி.எஸ். அறைக்காக 7.5 ஹெச்.பி. பம்ப் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பம்ப் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாக அதே தண்ணீரில் சேர்கிறது. அதாவது, சில இரவுகளில் சில்லர் தன் சொந்தப் பம்பையே முதன்மையாகக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. யு.பி.எஸ். அறைக்கு ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி. ஒன்றை மாட்டி, ஆளில்லாத இரவுகளில் சில்லரையும் பம்பையும் முழுமையாக அணைத்துவிடச் சொன்னார்கள். அந்த ஏ.சி.யை அவர்கள் விற்கவில்லை. கடைத்தெருவில் நாங்களே வாங்கிக்கொண்டோம்.

குறைகளும் உண்டு. அறிக்கை ஒப்புக்கொண்ட நாளைவிட மூன்று வாரம் தாமதமாக வந்தது. வந்ததும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், எந்திரத்தை அன்றாடம் தொடும் எங்கள் ஆபரேட்டருக்காக நான் உட்கார்ந்து தமிழில் இரண்டு பக்கம் எழுத வேண்டியதாயிற்று. டேங்கின் வடிகால் வால்வைச் சுவர்ப் பக்கமாக வைத்துவிட்டார்கள். அதைத் திறக்க ஆள் ஒருக்களித்துப் படுக்க வேண்டியிருக்கிறது. இன்சுலேஷன் இணைப்பு ஒன்றில் வியர்த்துச் சொட்டியதைச் சரிசெய்ய இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறைகளில் ஈரவாடை அடிப்பதாகக் குறை வந்தது. அதற்கு மட்டும் மறுநாளே வந்து, தொடக்கத்தைப் பத்தரை டிகிரிக்கும் நிறுத்தத்தை 8 டிகிரிக்கும் இறக்கிக் கொடுத்தார்கள். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிய இன்னும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்பதை முதலிலேயே அவர்கள் சொல்லியிருக்கலாம். இடைவெளி இரண்டரை டிகிரியாகச் சுருங்கியபோதும், பெரிய டேங்கின் தயவால் தொடக்கங்களுக்கு இடையே 20 நிமிடத்துக்குக் குறையவில்லை.

சில்லர் பெரிதாக இருப்பது இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் செய்தது அதைப் பொறுக்கும்படி ஆக்கியது மட்டுமே. இரண்டில் ஒன்று ஆயுள் முடிந்து கழற்றப்படும் நாளில், அதே இடத்தில் மறுபடி 80 டன் வைக்காமல், 40 டன்னும் அதற்குத் துணையாகச் சாதாரண நாட்களுக்கென்று 15 டன்னில் ஒரு சிறிய சில்லரும் வைக்குமாறு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். நிர்வாகக் குழு அதைப் படித்து வைத்திருக்கிறது.

இப்போது எனக்கிருக்கும் ஒரே வழக்கு பேனலில் உள்ள திருகு ஸ்விட்ச் பற்றியது. ஒரு பக்கம் திருப்பினால் சாதாரண நாள் அமைப்பு. மறுபக்கம் திருப்பினால் இரண்டு சில்லர்களும் பழையபடி வெளியேறும் தண்ணீரை 7 டிகிரியில் பிடிக்கும் முகூர்த்த நாள் அமைப்பு. அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். தை மாதத்தில் ஒரு வரவேற்பு மாலையில் ஆபரேட்டர் திருப்ப மறந்துவிட, மாப்பிள்ளை வீட்டார் விசிறியைத் தேடும் நிலை வந்தது. கூடத்துக்குள் குளிர்காற்றை ஊதும் ஏ.ஹெச்.யூ. இயங்கத் தொடங்கினால் ஸ்விட்ச் தானாக மாறும்படி ஒரு கம்பி இழுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முகூர்த்தப் பருவத்துக்குள் வந்தால் நல்லது.